கறிக்கோழிக்குக் கொஞ்சம் புளிப்பு: அமிலம் கலக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

நீங்கள் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர் என்றால் 'அசிடிஃபையர்' என்ற வார்த்தை கட்டாயம் காதில் விழுந்திருக்கும். மருந்துக் கடையில் கேன் கேனாக நிற்கும். தீவன மூட்டை லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும். "இதை ஊத்துங்க, ஆன்டிபயாடிக்கே வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு வரும். பண்ணை எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி வாங்குகிறவர் என்றாலும் "கோழிக்கு ஆசிட் குடுக்கிறாங்களாம்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரண்டு பேருக்குமே இந்தக் கட்டுரை.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். இங்கே ஆசிட் என்றால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் இல்லை. பெரும்பாலும் நாம் தினமும் சாப்பிடுகிற, தொடுகிற பொருட்களில் இருக்கும் கரிம அமிலங்கள்தான். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். தயிரிலும் புளித்த மாவிலும் இருப்பது லாக்டிக் அமிலம். வினிகர் என்பது அசிட்டிக் அமிலம். கடையில் பிரெட் பாக்கெட் வாங்கினால் பின்னால் 282 என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்க. அது கால்சியம் புரோப்பியோனேட், அதாவது பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோப்பியோனிக் அமிலத்தின் உப்பு. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படுத்துகிற ஃபார்மிக் அமிலமும் இந்தப் பட்டியலில் உண்டு. கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறும் பியூட்ரிக் அமிலமும் உண்டு. இவற்றில் ஒன்றையோ, இரண்டு மூன்று சேர்த்தோ, அவற்றின் உப்புகளையோ தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து கொடுப்பதைத்தான் அமிலக் கூட்டுப்பொருள், அசிடிஃபையர் என்கிறார்கள்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

கோழி கொத்திய தீவனம் முதலில் கழுத்தடியில் உள்ள தீவனப் பையில் தங்குகிறது. அங்கே லாக்டோபேசில்லஸ் வகை நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்கும். இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலை. அடுத்து இரைப்பை, அரைக்கும் பை. அங்கே புளிப்பு இன்னும் அதிகம். புரதத்தைச் செரிக்க வைக்கும் பெப்சின் என்ற நொதி அந்தப் புளிப்பில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கெட்ட கிருமிகளில் கணிசமான பங்கு அங்கேயே அடிபட்டுவிடும். அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போகும்போது புளிப்பு குறைந்துவிடுகிறது.

பொரித்து ஒரு சில நாளே ஆன குஞ்சுக்கு இந்த அமிலச் சுரப்பு முழுதாக வந்திருக்காது. அந்த நேரத்தில் நாம் கொடுப்பதோ சோயா புண்ணாக்கு, சுண்ணாம்புத் தூள் எல்லாம் கலந்த தீவனம். புரதமும் சுண்ணாம்பும் அமிலத்தைக் குடித்துவிடும் பொருட்கள். வயிறு புளிக்க முயற்சி செய்ய, தீவனமே அதை அடக்கிவிடுகிறது. செரிக்காத புரதம் கீழ்க்குடலுக்குப் போனால் ஈ கோலி, கிளாஸ்ட்ரிடியம் மாதிரிக் கிருமிகளுக்கு அது விருந்து. எச்சம் தண்ணியாகப் போகும், ஆழ்கூளம் ஈரமாகும், அம்மோனியா நெடி ஏறும். அங்கிருந்து ஆரம்பிக்கிற தொல்லைகளைப் பண்ணைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து கொடுக்கும் அமிலம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வயிற்றின் புளிப்புக்குத் துணை நிற்பது. இரண்டாவதுதான் சுவாரசியம். கரிம அமிலம் சிதையாத நிலையில் இருக்கும்போது கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே போனதும் உடைந்து புளிப்பை வெளியிடும். கிருமி தன் சக்தியை எல்லாம் அந்தப் புளிப்பை வெளியேற்றவே செலவழிக்க வேண்டிய நிலை. பெருக முடியாது, மெல்ல ஓய்ந்துவிடும். சால்மோனெல்லா, ஈ கோலி இதற்குச் சீக்கிரம் மசியும். லாக்டோபேசில்லஸ் புளிப்பிலேயே பிறந்து வளர்ந்தது, அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் நெருக்குவதால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

ஒரு சிக்கல் உண்டு. சாதாரண அமிலம் தீவனப் பை, இரைப்பை தாண்டுவதற்குள்ளேயே பெரும்பாலும் உடைந்தோ உறிஞ்சப்பட்டோ தீர்ந்துவிடும். கீழ்க்குடல் வரை போக வேண்டும் என்றால் கொழுப்புப் பூச்சுக்குள் வைத்த வகை வேண்டும். குடல் சுவரில் உள்ள செல்களுக்கே ஆகாரமாகப் பயன்படும் பியூட்ரிக் அமிலம் பல தயாரிப்புகளில் இப்படித்தான் வருகிறது. லேபிளில் பூச்சு இடப்பட்டது, கோட்டட் என்று போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான். விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஏன் இப்போது எல்லோரும் இதைப் பேசுகிறார்கள்?

பல வருடங்களாகக் கோழி சீக்கிரம் எடை ஏற, தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. நோய்க்காக இல்லை, வளர்ச்சிக்காக. தினமும் சின்ன அளவில் மருந்து பட்டுக்கொண்டே இருந்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். அப்புறம் அதே மருந்து மனிதருக்கும் வேலை செய்யாது. சுவீடன் 1986-லேயே இதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. நம் நாட்டில் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்கும், தீவனக் கூட்டுப்பொருட்களிலும் பயன்படுத்த மத்திய சுகாதாரத் துறை தடை போட்டது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு ஐ.சி.யு-வில் கிடக்கும் நோயாளிக்குக் கடைசியாகக் கையில் எடுக்கிற மருந்து அது. அதைக் கோழி எடைக்காகச் செலவழிக்கக் கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் அமிலம், புரோபயாடிக், மூலிகைச் சாறு என்று பலதும் வந்தன. இதில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். அமிலம் தடுப்புக்கு உதவும் பொருள், சிகிச்சை மருந்து இல்லை. ஷெட்டில் நோய் பரவி, கோழி சாக ஆரம்பித்த பிறகு அமிலத்தைக் கூட்டி ஊற்றுவது நேரத்தைத்தான் வீணாக்கும். ரத்தக்கழிச்சல் வேறு வகை ஒட்டுண்ணியால் வருவது, இதனால் குணமாகாது. வெள்ளைக்கழிச்சல், கம்போரோ இரண்டும் வைரஸ், அவற்றுக்குத் தடுப்பூசிதான். "ஆன்டிபயாடிக்குக்கு மாற்று" என்ற ஃபார்வர்டு பாதி உண்மைதான்.

தீவனம் கம்பெனி கையில், தண்ணீர் உங்கள் கையில்

தமிழ்நாட்டில் பல்லடம், திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் வளர்க்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். இடம், ஷெட், கரண்ட், தண்ணீர், உழைப்பு உங்களுடையது. கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன கலப்பது என்பது உங்கள் முடிவில் இல்லை. ஆனால் கோழி சாப்பிடும் தீவனத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கிறது. வெயில் நாளில் இன்னும் அதிகம். அந்தத் தண்ணீரை யாரும் லேபிள் ஒட்டி அனுப்புவதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் தண்ணீருக்குத்தான் அதிக இடம்.

கேனை வாங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் ஒரு கேள்வி: "இந்தத் தீவனத்தில் ஏற்கெனவே அசிடிஃபையர் சேர்ந்திருக்கா?" சேர்ந்திருந்தால் தண்ணீரிலும் முழு அளவு ஊற்றுவது இரட்டைச் செலவு. புளிப்பு அதிகமானால் கோழி தீவனமும் தண்ணீரும் எடுப்பதைக் குறைத்துவிடும் என்பது வேறு.

அடுத்து, உங்கள் போர்வெல் தண்ணீர். பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒரு எண் இறங்கினால் புளிப்பு 10 மடங்கு கூடியது என்று கணக்கு. பி.எச். பார்க்கும் தாள் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையிலும் மீன் தொட்டி விற்கும் கடையிலும் கிடைக்கும். ஆனால் தாள் மட்டும் போதாது. ஒரே மாதிரி 7.8 காட்டும் இரண்டு போர்வெல்லுக்குத் தேவைப்படும் அமிலம் ஒரே அளவாக இருக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் கூடுதல் அமிலம் கேட்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் "1,000 லிட்டருக்கு இவ்வளவு ஊத்தினேன்" என்று சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் சின்ன சோதனை ஒன்று செய்துவிடுங்க. 20 லிட்டர் கேனில் உங்கள் தண்ணீரை நிரப்புங்கள். லேபிளில் சொன்ன அளவில் பாதியை 20 லிட்டருக்குக் கணக்குப் போட்டு, ஊசி போடாத சிரிஞ்சில் எடுத்துக் கலந்து, 10 நிமிடம் விட்டுத் தாளை நனைத்துப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் எண்ணைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். பி.எச். 4-க்குக் கீழே போக விடக்கூடாது. கோழி குடிக்கத் தயங்கும், இரும்புக் குழாயும் அரிக்கும். பெரும்பாலும் 4-க்கும் 6-க்கும் நடுவில் நிற்பதுதான் வேலைக்கு ஆகும். எந்த எண் உங்களுக்குச் சரி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அமிலம் ஆரம்பித்த முதல் இரண்டு நாள் வாட்டர் மீட்டரைக் கவனிங்க. மீட்டர் இல்லை என்றால் தொட்டியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்க. குடிப்பது குறைந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

குழாயும் முக்கியம். பல பேட்ச் ஓடிய நிப்பிள் லைனுக்குள் வழுவழுப்பான படலமும் சுண்ணாம்புப் படிவும் ஒட்டியிருக்கும். கோழி உள்ளே இருக்கும்போது திடீரென்று அமிலம் விட்டால் அதெல்லாம் கழன்று வந்து நிப்பிளை அடைக்கும். ஒரு பக்கம் தண்ணீரே வராமல் கோழி தவிக்கும், கவனிக்க அரை நாள் ஆகிவிடும். எனவே பேட்ச் இறங்கிய பிறகு, ஷெட் காலியாக இருக்கும்போது லைனைச் சுத்தம் செய்து, வேகமாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சுத்தமில்லாத லைனில் கரிம அமிலத்தை நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சையும் ஈஸ்ட்டும் அதையே தின்று வளர்வதும் உண்டு.

இப்போது உயிருக்கே ஆபத்தான விஷயம். குளோரின் அல்லது பிளீச்சிங் பவுடர் கரைசலையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். லேசாகப் புளிப்பேறிய தண்ணீரில் குளோரின் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மைதான். பி.எச். 8-ஐத் தாண்டிய தண்ணீரில் போட்ட குளோரினில் பெரும்பங்கு வீரியம் குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். அதற்காக இரண்டையும் சேர்த்து விட நினைத்தால் தனித்தனி தொட்டி, தனித்தனி டோசர் வைத்து, மருத்துவர் சொன்னபடி மட்டும். அடர் ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போடுங்க. தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கேனைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், பழைய கேனில் வீட்டுக்குக் குடிதண்ணீர் பிடிக்கவே வேண்டாம்.

தடுப்பூசி நாள்களையும் கவனிங்க. தண்ணீரில் கொடுக்கும் லசோட்டா, கம்போரோ எல்லாம் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. அமிலமோ குளோரினோ இருந்தால் அந்த வைரஸ் செத்துவிடும், ஊசி போட்டும் போடாத மாதிரிதான். தடுப்பூசியோடு சேர்க்கும் பால் பவுடர் புளிப்புத் தண்ணீரில் திரிந்தும் போகும். தடுப்பூசிக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அமிலத்தை நிறுத்தி, வெறும் தண்ணீர் விட்டு லைனை அலசி, கொடுத்து முடித்து ஒரு நாள் கழித்து மறுபடி ஆரம்பியுங்கள். 48 மணி நேரம் விட்டால் இன்னும் நிம்மதி. மருந்துகளும் அப்படித்தான். சல்ஃபா வகை மருந்து புளிப்புத் தண்ணீரில் கரையாமல் அடியில் படியும். மருத்துவர் ஏதாவது தண்ணீர் மருந்து எழுதினால், அமிலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பேட்ச் முழுக்க விட வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் வாரம், ஸ்டார்ட்டரிலிருந்து ஃபினிஷருக்குத் தீவனம் மாறும் நாள்கள், மழையில் கூளம் ஈரமாகும் சமயம் என்று குடல் திணறும் நேரங்களில் மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. லோடு ஏற்றுவதற்கு முன் தீவனத்தை நிறுத்தும்போது பசியில் கோழி கூளத்தைக் கொத்தும். அதில் உள்ள சால்மோனெல்லா தீவனப் பையில் ஏறும். அந்தச் சில மணி நேரம் புளிப்புத் தண்ணீர் கொடுப்பது பயன் தரும் பழக்கம்.

சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்கு

மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது தினசரிக் கவலை. புரோப்பியோனிக் அமிலம் அல்லது அதன் உப்பு பூஞ்சை வளர்வதை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஏற்கெனவே பூஞ்சை பிடித்து அப்ளாடாக்சின் உருவாகிவிட்ட சோளத்தில் எவ்வளவு அமிலம் போட்டாலும் நஞ்சு அங்கேயேதான் இருக்கும். கறுத்த சோளத்தை மலிவாக வாங்கி "அசிடிஃபையர் போட்டுச் சரி பண்ணிக்கலாம்" என்று நினைப்பது கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும்.

தூள் வகைகளுக்கு லேபிளில் பெரும்பாலும் டன்னுக்கு 1 முதல் 3 கிலோ என்ற அளவில் போட்டிருக்கும். 2 கிலோவை நேராக ஒரு டன்னில் கொட்டினால் ஒரு மூட்டையில் அதிகமாகவும் இன்னொன்றில் இல்லாமலும் போகும். முதலில் 20 கிலோ சோள மாவில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்க்க வேண்டும்.

கட்டுப்படியாகுமா? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5,000 கோழி, ஒவ்வொன்றும் 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்; மொத்தம் 10,000 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.65 கிலோ தீவனம் செலவானால் 16,500 கிலோ. அது 1.60 ஆகக் குறைந்தால் 16,000 கிலோ. மிச்சம் 500 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 10. டன்னுக்கு 2 கிலோ வீதம் 16 டன்னுக்கு அமிலம் 32 கிலோ வேண்டும். 500-ஐ 32-ஆல் வகுத்தால் 15.6. தீவனத்தின் கிலோ விலையைப்போல 15 மடங்குக்குள் அமிலத்தின் கிலோ விலை இருந்தால் உங்களுக்கு லாபம், அதற்கு மேல் போனால் நஷ்டம். அதுவும் 0.05 முன்னேற்றம் உண்மையாகவே கிடைத்தால்தான். எல்லாப் பண்ணையிலும் இது கிடைப்பதில்லை. ஷெட் சுத்தமாக, தண்ணீர் நன்றாக, கூளம் உலர்ந்து இருக்கும் இடத்தில் அமிலத்தால் தெரியும் வித்தியாசம் குறைவு. கிருமி நெருக்கடி உள்ள இடத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். இரண்டு ஷெட் வைத்திருப்பவர்கள் ஒரே லோடு குஞ்சை இறக்கி, ஒன்றில் மட்டும் கொடுத்து, இறப்பு, எடை, தீவன மூட்டை மூன்றையும் எழுதிப் பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி காட்டும் வண்ண அட்டையைவிட அந்த நோட்டை நம்பலாம்.

கறி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த அமிலங்களைக் கோழியின் உடல் மற்ற சத்துக்களைப்போலவே எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது. கறி புளிக்காது, கறியில் ஆசிட் தேங்காது. நீங்கள் கவலைப்பட வேண்டியது தேவையில்லாத ஆன்டிபயாடிக் பற்றியும், சரியாக வேகாத கறி பற்றியும்தான். கறியைக் குழாயடியில் வேகமாக அலசினால் தெறிக்கும் தண்ணீரில் கிருமி மேடை முழுக்கப் பரவும். நடுப்பகுதி வரை நன்றாக வேகவைத்தால் சால்மோனெல்லா செத்துவிடும்.

எங்கே சோதிப்பது, யாரிடம் கேட்பது?

தண்ணீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர் பரிசோதனை ஆய்வகங்கள் மாவட்டங்களில் உள்ளன. கேட்கும்போது பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, ஈ கோலி நான்கையும் சொல்லிக் கேளுங்கள். தீவனத்துக்கும் அப்ளாடாக்சினுக்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பல மாவட்டங்களில் இயங்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்களில் கோழி வளர்ப்புப் பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கும். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962. விவசாயம், கால்நடை சந்தேகங்களுக்குத் தமிழிலேயே பேச 1800-180-1551. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பேசும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கேன் லேபிளின் போட்டோ, கோழியின் வயது, நேற்றும் இன்றும் இறந்த எண்ணிக்கை, கடைசியாகக் கொடுத்த தடுப்பூசியின் தேதி. தீவன மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையின் மேலிருந்து அள்ளாமல், ஐந்தாறு மூட்டையின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து, அரை கிலோ அளவுக்குக் காற்றுப் புகாத பையில் கட்டுங்கள். தண்ணீரைத் தொட்டியில் ஒன்று, ஷெட்டின் கடைசி நிப்பிளில் ஒன்று என இரண்டு பாட்டிலில் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்பான பாட்டிலில் பிடித்தால் முடிவு தப்பாக வரும்.